அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தம்: விதியும் வீரமும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆண்கள் பொருதும் மல்யுத்தம் ஒலிம்பிக் அரங்கில் காணப்படும் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்திலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது என்பதும், அந்நாட்டுப் பள்ளி கல்லூரிகளுக்கு வெளியே ஏறத்தாழ எங்குமே அது ஆடப்படுவதில்லை என்பதும், நான்காண்டுக்கு ஒருமுறை இந்திய வீரர்களின் பதக்க வாய்ப்பைக் கணக்கிடும்போது மட்டுமே மல்யுத்தத்தைப் பார்க்கும் பெரும்பான்மைத் தமிழ் வாசகருக்குப் புதிய செய்திகளாக இருக்கக்கூடும். ஃபோக்ஸ்டைல் என்று வழங்கும் அந்த முறையில் எதிராளியைக் கீழே வீழ்த்துவது பாதி வேலைதான். வீழ்ந்தவரை எழவிடாமல் அடக்கி வைப்பதும், அடங்கிக் கிடப்பவர் அந்தப் பிடியிலிருந்து தம் முயற்சியாலேயே மீள்வதும்தான் அதன் மீதிப் பாதியும் தனிச்சிறப்பும் ஆகும். அந்த மீதிப் பாதியின் மதிப்பை அண்மைக் கால விதிமாற்றங்கள் குறைத்து வருகின்றன என்பதும், ஆட்டத்தை விறுவிறுப்பாக்கும் நல்ல நோக்கம் ஒன்று தவறான இடத்தில் கைவைத்துவிட்டது என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

வாதத்திற்கு முன் விதிகளைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு பந்தயம் ஏழு நிமிடம் நடைபெறும். முதற்சுற்று மூன்று நிமிடம், அடுத்த இரண்டும் இரண்டிரண்டு நிமிடம். முதற்சுற்றில் இருவரும் எதிரெதிரே நின்று தொடங்குவர். இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் தேர்வுரிமை பெற்றவர் மேலிருந்தோ கீழிருந்தோ நின்றபடியோ தொடங்குவதைத் தேர்ந்துகொள்ளலாம். நின்ற நிலையிலிருக்கும் எதிராளியை விரிப்பில் வீழ்த்தித் தம் கட்டுக்குள் கொண்டுவருவது டேக்டவுன் எனப்படும். கீழிருப்பவர் பிடியை உதறி வெளியேறுவது எஸ்கேப். அதற்கு 1 புள்ளி. கீழிருந்தபடியே புரண்டு மேலாளாவது ரிவர்சல். அதற்கு 2 புள்ளி. எதிராளியின் முதுகை விரிப்பின் பக்கம் திருப்பிச் சில விநாடிகள் அப்படியே பிடித்து வைப்பது நியர்ஃபால். பிடித்த நேரத்தைப் பொறுத்து 2, 3 அல்லது 4 புள்ளி கிடைக்கும். இரு தோள்பட்டைகளும் ஒரு விநாடி முழுவதும் விரிப்பில் அழுந்திவிட்டால் அது ஃபால். புள்ளிக் கணக்கு எதுவாயினும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். இவற்றோடு, மேலிருந்து அடக்கிய நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து, இருவரின் நேரத்துக்குமிடையே ஒரு நிமிடமோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால் முன்னிற்பவருக்கு இறுதியில் 1 புள்ளி சேர்க்கிறார்கள். ரைடிங் டைம் என்பது அதுதான். ஒருவர் 15 புள்ளி முன்னிலை பெற்றாலும் பந்தயம் நிறுத்தப்படும். அது டெக்னிக்கல் ஃபால்.

ஃப்ரீஸ்டைலில் முதுகு ஒரு கணம் விரிப்பை நோக்கித் திரும்பினாலே புள்ளி உண்டு. மேலிருப்பவர் சற்று நேரத்திற்குள் எதிராளியைத் திருப்பவில்லையென்றால் நடுவர் இருவரையும் எழுப்பி நிறுத்திவிடுவார். ஆகவே அங்கே கீழே விழுந்தவர் கைகால்களை அகலப் பரப்பிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தால் போதும், காப்பாற்ற நடுவர் வருவார். கல்லூரி மல்யுத்தத்தில் அப்படி யாரும் வருவதில்லை. மேலிருப்பவர் முனைந்து போராடிக்கொண்டிருக்கும் வரை கீழிருப்பவர் தாமேதான் எழவேண்டும். எழ முடியாதவர் ஒரு சுற்று முழுவதும் இன்னொருவரின் எடையைச் சுமந்து கிடக்க நேரும். இந்தக் கடுமையே அந்த முறைக்கு அதன் தன்மையைத் தந்தது.

இதற்கு ஆண்டனி ரோப்ளஸின் வாழ்வைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஒரே காலுடன் பிறந்த அவர் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 125 பவுண்டு பிரிவில் பொருதி, 2011ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் நடந்த தேசிய இறுதியில், முந்தைய ஆண்டின் வெற்றியாளரான அயோவாவின் மேட் மெக்டானோவை 7-1 என வென்றார். அவ்வெற்றியை இரக்கக் கதையாகச் சொல்லிப் பழகிவிட்டார்கள். உண்மையில் அது நுட்பத்தின் கதை. மேலிருந்து எதிராளியின் மணிக்கட்டைப் பற்றி, அவரைச் சரித்து முதுகைத் திருப்பும் டில்ட் என்னும் பிடியில் ரோப்ளஸுக்கு நிகரானவர் அந்நாளில் அந்தப் பிரிவில் இல்லை. அடக்கும் கலைக்குப் புள்ளி தராத ஒரு முறையில் அந்தக் கைவலிமைக்கு இவ்வளவு இடம் இருந்திருக்காது. அயோவாவின் ஸ்பென்சர் லீயும் 2018, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் இதே வகை டில்ட் பிடிகளால் எதிராளிகளை முதற்சுற்றிலேயே தீர்த்துக்கட்டிய வீரர்தான்.

இனி, விவாதத்திற்குரிய விதிக்கு வரலாம். நெடுங்காலமாக 2 புள்ளியாக இருந்த டேக்டவுனைக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2023-24 பருவத்திலிருந்து 3 புள்ளியாக உயர்த்தியது. மாற்றத்தை விரும்பியோர் சொன்ன குறை பொய்யன்று. இருவரும் நின்றபடியே எச்சரிக்கையாகக் காலம் கடத்தி, ஆளுக்கொரு எஸ்கேப் எடுத்து, 1-1 என்று முடியவேண்டிய பந்தயத்தை ரைடிங் டைம் புள்ளி ஒன்று 2-1 என்று தீர்த்துவைக்கும் காட்சி பார்வையாளரைக் கொட்டாவி விடச் செய்தது. பழைய கணக்கில் ஒரு எஸ்கேப்பும் ஒரு ரைடிங் டைம் புள்ளியும் சேர்ந்தால் ஒரு டேக்டவுனுக்குச் சமம் என்பதால், துணிந்து தாக்குவதில் ஆதாயம் குறைவாகவும் ஆபத்து மிகுதியாகவும் இருந்தது.

ஆனால் புதிய கணக்கின் மறுபக்கத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். எதிராளியை வீழ்த்தி, வேண்டுமென்றே எழவிட்டு, மறுபடி வீழ்த்தும் உத்தி ஒன்று பழங்காலந்தொட்டே உண்டு. பழைய விதியில் அவ்வாறு ஒவ்வொரு முறை செய்யும்போதும் நிகர இலாபம் 1 புள்ளி. 15 புள்ளி முன்னிலையோடு ஆட்டத்தை முடிக்க 14 டேக்டவுன் தேவைப்பட்டது. இப்போது நிகர இலாபம் 2 புள்ளி. 7 டேக்டவுன் போதும், ஏனெனில் அவற்றின் 21 புள்ளியிலிருந்து இடையில் விட்டுக்கொடுத்த 6 எஸ்கேப்பைக் கழித்தால் சரியாக 15 வருகிறது. வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. நின்று தாக்குவதில் வல்லவர் ஒருவர், எதிராளியை விரிப்பில் ஒருமுறைகூடத் திருப்பாமலே, திருப்ப முயலாமலேகூட, டெக்னிக்கல் ஃபால் பெற்றுவிட முடியும். அடக்குவதற்கும் மீள்வதற்கும் உரிய பயிற்சி யாருக்கும் தேவைப்படாத நிலையை நோக்கி இந்தக் கணக்கு வீரர்களை இழுக்கிறது. எஸ்கேப்பின் மதிப்பு டேக்டவுனில் பாதியாக இருந்தது மூன்றில் ஒன்றாகிவிட்டது. ரைடிங் டைமுக்கும் அதே கதி. ஏற்கெனவே வலிமையில் மிகுந்தவருக்கே இது மேலும் மேலும் கொடுக்கிறது என்பதால், சமமற்ற இருவர் மோதும் பந்தயங்கள் இன்னும் சமமற்றவையாகின்றன.

விறுவிறுப்புக் குறைவுக்கு மருந்து வேறிடத்தில் இருந்தது. ஸ்டாலிங் என்று ஒரு விதி உண்டு. முனைந்து பொருதாமல் காலம் கடத்துபவரை நடுவர் முதலில் எச்சரித்து, தொடர்ந்தால் எதிராளிக்குப் புள்ளி கொடுத்து, எல்லை மீறினால் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றலாம் என்று அது சொல்கிறது. விதிப்புத்தகத்தில் இவ்வளவு கூர்மையான ஆயுதம் இருந்தும், கடைசிச் சுற்றில் ஒரு புள்ளி முன்னிலை வைத்துக்கொண்டு விரிப்பின் ஓரமாகவே பின்வாங்குபவரைத் தண்டிக்கப் பல நடுவர்கள் தயங்குகின்றனர். தம் கையால் ஆட்டத்தின் முடிவு மாறிவிட்டது என்ற பழி வரக்கூடாது என்பது அவர்களின் எண்ணம். தண்டிக்காமல் விடுவதும் முடிவை மாற்றுவதுதான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மேலிருந்து எதிராளியின் கணுக்காலைப் பற்றிக்கொண்டு திருப்பும் முயற்சியே இல்லாமல் தொங்கிக் கிடப்பவரையும் இதே கண்டிப்போடு நடத்தினால், ரைடிங் டைம் பற்றிய முறையீடுகளில் பெரும்பகுதி தானே மறைந்துவிடும்.

கல்லூரி விதிகள் ஒலிம்பிக் விதிகளிலிருந்து விலகியிருப்பதால்தான் அமெரிக்க வீரர்கள் உலக அரங்கில் தடுமாறுகிறார்கள், ஆகவே இரண்டையும் நெருக்கிக் கொண்டுவர வேண்டும் என்ற வாதமும் அவ்வப்போது எழுகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் ஃப்ரீஸ்டைல் முடிவுகளை ஒருமுறை பார்த்தால் இந்த வாதம் நிற்காது. ஆறு எடைப் பிரிவுகளில் ஐந்தில் அமெரிக்கா பதக்கம் வென்றது: டேவிட் டெய்லரும் கேபிள் ஸ்டீவ்சனும் தங்கம், கைல் ஸ்னைடர் வெள்ளி, கைல் டேக்கும் தாமஸ் கில்மனும் வெண்கலம். ஐவரும் கல்லூரிகளில் ஃபோக்ஸ்டைல் ஆடி வளர்ந்தவர்கள். இந்தியாவின் தீபக் பூனியாவை அரையிறுதியில் ஒரு புள்ளியும் பெறவிடாமல் வென்ற டெய்லர், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மாணவராக இருந்தவர். பாரிஸில் 57 கிலோ பிரிவில் அமன் செராவத்தை அரையிறுதியில் வென்ற ஜப்பானின் ரெய் ஹிகுச்சியை இறுதியில் எதிர்கொண்டு வெள்ளி பெற்றவரும் மேலே குறிப்பிட்ட ஸ்பென்சர் லீதான். அடக்கும் பயிற்சி யாரையும் கெடுத்துவிடவில்லை.

அணிகளைப் பற்றிய பேச்சு மூன்று பெயர்களைச் சுற்றியே நிகழும். 1928இல் தேசியப் போட்டி தொடங்கிய நாளிலிருந்து 2025 வரை ஒக்லஹோமா ஸ்டேட் 34 முறையும், அயோவா 24 முறையும், பென் ஸ்டேட் 13 முறையும் அணிப்பட்டத்தை வென்றுள்ளன. எண்ணிக்கையில் முதலிடம் ஒக்லஹோமா ஸ்டேட்டுக்கு என்றாலும், பயிற்சி முறை என்ற ஒன்றை நாடு முழுவதும் பின்பற்றச் செய்தவர் அயோவாவின் டேன் கேபிள். அயோவா ஸ்டேட் மாணவராக இருந்தபோது 117 வெற்றிகளைப் பெற்று, கடைசிப் பந்தயத்தில் மட்டும், 1970இல், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லேரி ஓவிங்ஸிடம் 13-11 என்று தோற்றவர் அவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எதிராளிகள் எவருக்கும் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம் வென்று, பின் அயோவா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகி 15 தேசியப் பட்டங்களை, அவற்றில் 1978 முதல் 1986 வரை தொடர்ச்சியாக ஒன்பதைப் பெற்றுத் தந்தார். எதிராளியைக் களைப்படையச் செய்து மூன்றாம் சுற்றில் நொறுக்குவது அவர் அணியின் முத்திரை. ஒக்லஹோமா ஸ்டேட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பயிற்சியாளராக இருந்து 2024இல் ஓய்வுபெற்ற ஜான் ஸ்மித் வேறொரு மரபு. எதிராளியின் கணுக்காலுக்கு வெகு தாழ்வாகப் பாய்ந்து பிடிக்கும் தாக்குதலால் 1988, 1992 ஒலிம்பிக் தங்கங்களை வென்ற அவர், வேகத்தையும் கோணத்தையும் வலிமைக்கு மேலாக வைத்தார்.

பென் ஸ்டேட்டின் ஆதிக்கம் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அயோவா ஸ்டேட் மாணவராக 159 பந்தயங்களில் ஒன்றுகூடத் தோற்காமல் 1999 முதல் 2002 வரை நான்கு பட்டம் வென்ற கேல் சாண்டர்சன் 2009இல் பென் ஸ்டேட்டில் பயிற்சியாளராகச் சேர்ந்தார்; 2011 முதல் 2025 வரை பன்னிரண்டு அணிப்பட்டங்கள் அவர் காலத்தவை. 1997இல் கேபிளின் கடைசி அயோவா அணி குவித்த 170 புள்ளி என்ற சாதனையை 2024இல் 172.5 புள்ளியால் முறியடித்து, மறு ஆண்டே 177 என்று உயர்த்தினார்கள். இதற்குப் பணமே காரணம் என்று பிற அணிகளின் ரசிகர்கள் சொல்வது முழு உண்மையன்று. பல்கலைக்கழகத்தை ஒட்டி இயங்கும் ஃப்ரீஸ்டைல் பயிற்சி மன்றத்தில் ஒலிம்பிக் வீரர்கள் தங்கிப் பயில்வதால், பதினெட்டு வயது மாணவருக்கு அன்றாடப் பயிற்சியில் உலகத் தரத்தினர் எதிராளிகளாகக் கிடைக்கின்றனர். தோல்வியை அஞ்சாமல் தாக்கும் துணிவை அந்தச் சூழல் வளர்க்கிறது. எல்லாப் பெரிய பல்கலைக்கழகங்களிலும் இன்று இத்தகைய மன்றங்கள் இருந்தும், அவற்றை இவ்வளவு திறமாகப் பயன்படுத்தியவர் இல்லை. மூன்று புள்ளி டேக்டவுன் இத்தகைய அணிக்கு மேலும் தீனி போடுகிறது என்பது இதிலிருந்து பெறப்படும்.

அணிப்பட்டம் தீர்மானிக்கப்படும் முறையும் ஆராயத்தக்கது. தேசியப் போட்டியில் பத்து எடைப் பிரிவுகளிலும் பிரிவுக்கு 33 வீதம் 330 வீரர்கள் தனித்தனியே பொருத, ஒவ்வொருவரும் ஈட்டும் புள்ளி அவரவர் பல்கலைக்கழகக் கணக்கில் சேர்கிறது. முதல் எட்டு இடங்களைப் பெறுவோர் ஆல்-அமெரிக்கன் என்னும் சிறப்பைப் பெறுவர். 2001இல் மின்னசோட்டா ஒரு வீரரைக்கூட இறுதிப் பந்தயத்திற்கு அனுப்பாமல், பத்துப் பேரும் ஆல்-அமெரிக்கன் ஆனதாலேயே பட்டம் வென்றது. அந்த முறையின் அழகுக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஆயினும் இரு அணிகள் நேருக்குநேர் பத்துப் பந்தயங்கள் ஆடும் டூயல் மீட் என்ற வடிவமே, புதிதாகப் பார்ப்பவருக்கு உடனே விளங்குவதும் கூட்டத்தை ஈர்ப்பதும் ஆகும். 2015 நவம்பரில் அயோவாவும் ஒக்லஹோமா ஸ்டேட்டும் கின்னிக் கால்பந்து அரங்கத்தின் திறந்த வெளியில் மோதியபோது 42,287 பேர் வந்திருந்தனர். தனிநபர் பட்டத்திற்கு மார்ச் மாதத் தேசியப் போட்டியையும் அணிப்பட்டத்திற்கு டூயல் மீட் தொடரையும் வைத்துக்கொள்ளலாம் என்ற நெடுநாள் யோசனையைப் பயிற்சியாளர்கள் தள்ளிக்கொண்டே போவது ரசிகர்களுக்கு விளங்காத புதிர்.

மிகச் சிறந்த வீரர் யார் என்ற கேள்விக்கு வருவோர் முதலில் ஆண்டுகளை எண்ணுவார்கள். அது அத்தனை நேர்மையான அளவுகோல் ஆகாது. கேபிள் சேர்ந்த காலத்தில் முதலாண்டு மாணவர் பல்கலைக்கழக அணியில் ஆட இடமில்லை என்பதால் அவருக்கு மூன்று வாய்ப்பே கிடைத்தது. பெருந்தொற்றுக் காலப் பருவம் மாணவர் ஆடக்கூடிய ஆண்டுகளின் கணக்கில் சேர்க்கப்படாததால், பென் ஸ்டேட்டின் கார்ட்டர் ஸ்டரோச்சி 2021 முதல் 2025 வரை ஐந்து பட்டம் வென்று முதல் ஐந்துமுறை வெற்றியாளரானார். நான்கு பட்டங்களை 141, 149, 157, 165 என்று நான்கு வெவ்வேறு எடைப் பிரிவுகளில் வென்றவர் கார்னெலின் கைல் டேக் ஒருவரே. 2013 இறுதியில், தம் எடைக்கு மேலே ஏறிச் சென்று, அப்பிரிவின் நடப்பு வெற்றியாளரான டேவிட் டெய்லரை 5-4 என்று வென்ற அப்பந்தயம் தோல்வியே அறியாத சாண்டர்சனின் கணக்கேட்டுக்கு அடுத்தபடியாக வைக்கத்தக்கது. 2025இல் ஒலிம்பிக் வெற்றியாளர் ஸ்டீவ்சனை ஒக்லஹோமா ஸ்டேட்டின் வையட் ஹென்ட்ரிக்சன் கடைசி விநாடிகளில் ஒரு டேக்டவுனால் 5-4 என்று வீழ்த்தியது, புதிய விதியின் ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டும் பந்தயம். அது மறக்க முடியாதது என்பதை எதிர்ப்பவரும் மறுக்கமாட்டார்.

எடைக் குறைப்பு விதிகளில் மட்டும் என்.சி.ஏ.ஏ.யைத் தயக்கமின்றிப் பாராட்டலாம், அந்தத் திருத்தம் மிகுந்த விலை கொடுத்துப் பெறப்பட்டது என்றாலும். 1997ஆம் ஆண்டின் இறுதியில், சில வாரங்களுக்குள், மூன்று கல்லூரி வீரர்கள் எடையைக் குறைக்கும் முயற்சியில் உடலின் நீரை வற்றச் செய்து இறந்தனர். அதன்பின் ரப்பர் உடைகளும் நீராவி அறைகளும் தடைசெய்யப்பட்டன. எடைப் பிரிவுகள் உயர்த்தப்பட்டன. டூயல் மீட்டில் எடை பார்க்கும் நேரம் பந்தயத்திற்கு ஒரு மணி நேரத்திற்கு முன்பாக நெருக்கப்பட்டதால், நீரை வற்றச் செய்து பின் குடித்துத் தேறும் வித்தை பயனற்றதாயிற்று. பாரிஸில் வினேஷ் போகட் 100 கிராமால் இறுதிப் பந்தயத்தை இழந்ததை எண்ணிப் பார்ப்போர்க்கு இந்த விதிகளின் அருமை புரியும். எஞ்சியுள்ள குறை ஒன்று: 197 பவுண்டுக்கு அடுத்த பிரிவு 285, இடையே 88 பவுண்டு, ஏறத்தாழ 40 கிலோ இடைவெளி. 220 பவுண்டு எடையுள்ள நல்ல வீரர் உடலை வாட்ட வேண்டும், அல்லது தம்மைவிட 60 பவுண்டு கூடியவரோடு மல்லுக்கு நிற்க வேண்டும். பதினோராவது பிரிவு ஒன்று எப்போதோ வந்திருக்க வேண்டியது.

கல்லூரிகள் மல்யுத்த அணிகளைக் கலைத்த வரலாற்றுக்கு, கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டமான டைட்டில் நைன் மீது பழி போடுவது பல ரசிகர்களின் வழக்கம். பயிற்சியாளர்களின் தேசியச் சங்கம் 2002இல் கல்வித் துறைக்கு எதிராக வழக்கே தொடுத்துத் தோற்றது. அந்தச் சட்டம் எந்த அணியையும் மூடச் சொல்லவில்லை. ஆண்களுக்கான அமெரிக்கக் கால்பந்துக்கு 85 முழு உதவித்தொகைகளை ஒதுக்கிவிட்டு, மல்யுத்தத்திற்கு 9.9 மட்டும் அனுமதித்த அமைப்புதான், சமநிலை கணக்குப் பார்க்கும்போது சிறிய விளையாட்டைப் பலியிட்டது. 2020இல் ஸ்டான்ஃபோர்ட் தன் அணியைக் கலைப்பதாக அறிவித்தபோது, அதன் ஷேன் கிரிஃபித் பல்கலைக்கழகப் பெயரில்லாத கறுப்பு உடையணிந்து 2021 தேசியப் பட்டத்தை வென்றார். இரண்டே மாதத்தில் நிர்வாகம் முடிவை மாற்றிக்கொண்டது. 2025இல் உதவித்தொகை வரம்புக்கு மாற்றாக அணிக்கு முப்பது வீரர் என்ற உச்சவரம்பு வந்துள்ளது. முப்பது பேருக்கும் உதவித்தொகை தரப் பணமிருக்கும் பல்கலைக்கழகங்கள் சிலவே என்பதால், இது மேலே சொன்ன ஆதிக்கத்தைக் குறைக்கப் போவதில்லை.

பெண்களின் நிலை இதற்கு நேர்மாறாக வளர்முகமாயிருக்கிறது. வினேஷ் இழந்த அந்தப் பாரிஸ் பிரிவில் தங்கம் வென்ற சேரா ஹில்டப்ரண்ட், டென்னசியின் கிங் பல்கலைக்கழகம் என்னும் சிறு நிறுவனத்தில் பொருதியவர். பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்கள் மல்யுத்தத்தைத் திரும்பிப் பாராத நாளில் இத்தகைய சிறு கல்லூரிகளே அதை வளர்த்தன. 2025 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. பெண்கள் மல்யுத்தத்திற்குத் தேசியப் பட்டப் போட்டியை ஏற்று, முதற்போட்டியை 2026க்கு அறிவித்தது. ஆண்கள் ஃபோக்ஸ்டைல் ஆடும் அதே கல்லூரிகளில் பெண்கள் ஆடுவது ஃப்ரீஸ்டைல். விறுவிறுப்பான ஃப்ரீஸ்டைலை விரும்புவோர்க்கு அது அங்கே முழுமையாகக் கிடைக்கிறது. ஆண்கள் ஆட்டத்தை அதன் சாயலில் திருத்தவேண்டிய தேவை இனி இல்லை என்பதால், டேக்டவுனை மீண்டும் 2 புள்ளிக்கே கொண்டுவந்து, ஸ்டாலிங் விதியை எழுதியபடியே நடைமுறைப்படுத்துவதுதான் விதிக்குழு செய்யவேண்டிய வேலை.